புதன்கிழமை இல்லாத நிலா

நான் எழுதிய நிலா போன மாதம் முதல் எங்கள் ஊருக்கு மேலே நிற்கிறது. பகலிலும் நிற்கிறது. கொய்யாப்பழ அளவு, வெளிர்ப் பச்சை. பழைய நிலாவுக்கு அதனால் தொந்தரவு இல்லை. கடலுக்குத்தான் தொந்தரவு. ஒரு நாளைக்கு மூன்று முறை ஊருக்குள் ஏறி வந்து, உப்பளங்களை நனைத்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. ஆக்கிரமிப்பை ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும். ஆறு நாட்கள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது நாள் செவ்வாய்க்கிழமை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

என் பெயர் ஜெசிந்தா. தபால் நிலையத்தில் வேலை. இருபத்தாறு வருடமாக அறிவியல் கதைகளும் மாயக் கதைகளும் எழுதுகிறேன். அந்தப் பச்சை நிலா, பதினான்கு வருடத்துக்கு முன் வந்த என் நாவலில் இருப்பது.

வான் ஆக்கிரமிப்புப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. அலுவலர் எட்வின் என் கோப்பைத் திறந்தார்.

“இது அறிவியலா, மாயமா?”

“ரெண்டும் கலந்தது சார்.”

“கலந்ததுக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா. அறிவியல்னா ஒரு விஞ்ஞானி கையெழுத்து வேணும். மாயம்னா, அது இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போடணும்.”

ஜன்னலுக்கு வெளியே கை காட்டினேன். “இருக்கே சார்.”

அவர் எட்டிப் பார்த்தார். “இருக்கிறது வேற, கையெழுத்து வேற.”

ஒரு தாளை நகர்த்தினார். ‘மேற்படி நிலா வெறும் கற்பனையே’ என்று ஒற்றை வரி இருந்தது. இருபத்தாறு வருடமாகப் பலர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாண வீடுகளில், பேருந்துகளில், ஒரு முறை ஆஸ்பத்திரியில். நான் சிரித்துவைப்பேன். அச்சடித்துக் கொடுத்தது இதுதான் முதல் முறை.

“போட்டா என்ன ஆகும்?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுத்துடுவாங்க. உங்க மேல நடவடிக்கை இருக்காது.”

“அந்த நிலாவுல இருக்கிறவங்க?”

“எத்தனை பேரு?”

“நாற்பத்து மூணு.”

“அவங்களும் சேர்ந்துதான்.”

பேனாவை மூடினேன். “போட மாட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினார். “அப்போ அது பயன்பாட்டுல இருக்குன்னு காட்டணும். வாரத்துல ஏழு நாளும் இயங்காத இடம் கைவிடப்பட்ட இடம். விதி பதினொண்ணு.”

“எல்லா நாளும் இயங்குது சார்.”

“இயங்கல” என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். கையில் டோக்கனோடு ஒருத்தி நின்றாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. இரண்டாம் அத்தியாயத்தில் அந்தத் தழும்பை வைத்தது நான். சிந்தாமணி. பச்சை நிலாவின் தண்ணீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவள்.

காலைக் கடலில் படகேறி வந்திருந்தாள். கடல் ஏறும்போது நிலாவுக்குப் படகு போகும். அந்த நாவலில் நான் எனக்கு அனுமதித்துக்கொண்ட பொய் அது ஒன்றுதான். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உண்மையாக இருந்தாக வேண்டும். படகில் தண்ணீர் கசியும். யாராவது இறைத்து ஊற்ற வேண்டும்.

“யக்கா, உங்க மேல புகார் குடுக்கத்தான் வந்தேன்” என்றாள். “எங்களுக்குப் புதன்கிழமை இல்ல. செவ்வா முடிஞ்சா வியாழன்.”

எனக்கு நினைவு வந்தது. ஐந்தாம் அத்தியாயம் செவ்வாயன்று முடியும். ஆறாவது வியாழனன்று தொடங்கும். நடுவில் மூன்று நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தேன்.

“அதனால என்ன கஷ்டம்?”

“எங்க வீட்டுக்காரரு பம்புக்கு வாஷர் வாங்கப் போனாரு. புதன்கிழமை வாரேன்னுட்டுப் போனாரு. பதினாலு வருசமாச்சு.”

ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசிக் காட்சிக்கு அவள் தனியாக இருக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவள் கணவர் தவசியை வெளியே அனுப்பினேன். பிறகு கதையில் போர் வந்துவிட்டது. அவரை நான் மறுபடி நினைக்கவேயில்லை.

“அப்போ விதி பதினொண்ணு பொருந்துது” என்றார் எட்வின். “அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு.”

அவரிடமே வெற்றுப் படிவங்கள் வாங்கிக்கொண்டு, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, படிவங்களின் பின்பக்கத்தில் புதன்கிழமையை எழுதத் தொடங்கினேன். சிந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வானத்துல ஒரு கதவு தொறந்துச்சு, வந்துட்டாருன்னு எழுதிருங்க. சீக்கிரம் முடியும்.”

“முடியாது. உங்க ஊருக்குப் படகுலதான் வர முடியும். அதை மாத்தினா அவர் வந்த மாதிரி ஆகாது.”

அவள் யோசித்தாள். “அதுவுஞ் சரிதான்.”

ஒவ்வொரு பக்கம் எழுதியதும் நடைபாதை நீண்டது. தொடங்கும்போது எட்வினின் அறை இருபதடி தூரத்தில் இருந்தது. நாலாம் பக்கத்தில் அவர் தீக்குச்சி அளவு தெரிந்தார். டீ கொண்டுவருகிற அம்மாள் சைக்கிளில் வந்தாள்.

தவசி ஏன் தாமதித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. சிந்தாமணியிடம் கேட்டேன்.

“கடைக்காரன் தப்பான சைஸு குடுத்தாலும் வாங்கிக்கிடுவாரு” என்றாள். “அதோட வீட்டுக்கு வரத்தான் பயப்படுவாரு.”

அது போதும். தவசியைக் கரையில் உட்காரவைத்தேன். வாஷர் பெரிதாக இருந்தது. அவர் அதைக் கல்லில் தேய்த்தார். சரியான அளவு வரும்வரை தேய்த்தார். வாசகர்கள் என்னிடம் ராக்கெட்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். வாஷரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

நாலு இருபதுக்கு எழுதி முடித்தேன். ஒன்பது பக்கம். நடக்கத் தொடங்கினோம்.

பிறப்புப் பிரிவைக் கடந்தோம். இறப்புப் பிரிவைக் கடந்தோம். இரண்டுக்கும் இடையில் இருப்பவர்களுக்கான பிரிவு மிக நீளமாக இருந்தது. வரிப் பிரிவில் கடல் இரண்டாம் மாடி என்றும் பாராமல் உள்ளே வந்துவிட்டது. குமாஸ்தாக்கள் கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினார்கள். நான் தாள்களைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். என் செருப்பு ஒன்று போனது.

“நடங்க யக்கா” என்றாள் சிந்தாமணி.

காவலாளி ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். “இதுக்கு மேல ஆபீஸ் இல்லம்மா.”

“இருக்கு” என்றேன். நடந்தேன். இருந்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு எட்வினின் மேசையில் தாள்களை வைத்தேன். மொட்டை மாடியில், நிலாவை எடுக்க வந்த ஆட்கள் கொக்கிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. மணி ஐந்து அடித்தது. எட்வின் கூரையைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். சத்தம் நின்றது. அவர் படித்தார். ஆறாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

“ரப்பர் வாஷர்னு போட்டிருக்கீங்க. கல்லுல தேய்ச்சா பிஞ்சிடுமே.”

தாளை வாங்கி, ரப்பரை அடித்துவிட்டுப் பித்தளை என்று எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வாசகர் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

“நாளைக்கு என்ன கெழமை சார்?” என்று சிந்தாமணி கேட்டாள்.

எட்வின் காலண்டரை நிதானமாகப் பார்த்தார். “புதன்.”

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகை நோக்கிப் போனாள். சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை தபால் நிலையத்தில் கவுன்ட்டரைத் திறந்தேன். வரிசையில் முதல் ஆளாகச் சிந்தாமணி நின்றாள்.

“வந்துட்டாரா?”

“வந்துட்டாரு.” கவுன்ட்டரில் கையூன்றிக்கொண்டாள். “கொறட்ட விடுதாரு யக்கா. பம்பு சத்தமே கேக்கல.”

ஒன்பது பக்கங்களையும் மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்.

“குறட்டை நான் எழுதலையே.”

“தெரியும்” என்றாள். “அது அவரே கொண்டாந்தது.”