குதிகாலில் பூத்த உப்பு

அவரைக்காய் விவசாயியின் மூத்த மகளுக்குப் பதினாலு வயதானபோது, அவள் வெறுங்காலுடன் நடந்த இடங்களில் உப்பு பூக்கத் தொடங்கியது. நல்ல உப்பு. கசப்பு கிடையாது, மண் ஒட்டாது, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் கசியும். முதல் நாள் அவள் அதை மாவு சிந்தியதென்று நினைத்துத் துடைத்தாள். இரண்டாம் நாள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தன் சுவடுகளைத் தானே கூட்டி அள்ளி அடுப்படி டப்பாவில் போட்டு மூடினாள். அப்பா கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "உப்பு வேணுமாம்மா?" என்று கேட்பார். "இருக்குப்பா" என்பாள். டப்பா எப்போதும் நிறைந்தேயிருந்தது. போன தடவை தானே வாங்கிப்போட்டு மறந்துவிட்டதாக அவர் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டார்.

சாக்ஸ் போட்டுப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அது அட்டைபோல விறைத்துத் தானாக நின்றது. செருப்பின் அடித்தோல் வெடித்தது. கடைசியில் நுனிக்காலில் நடப்பது ஒன்றுதான் கொஞ்சம் உதவியது, சுவடு சின்னதாக விழும். தங்கை அவளுக்குப் பூனை என்று பேர் வைத்தாள், பேர் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருந்த அத்தைக்கு அந்த நடை பிடிக்கவில்லை. "ஏண்டி பூனை, காலை ஊனி நடந்தா தேஞ்சா போயிடும்? பாலைத் திருடப் போறவ மாதிரியே நடக்குறியே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். பூனை சிரித்து வைப்பாள். ராத்திரி போர்வைக்குள் பாதங்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு படுப்பாள். விஷயம் தெரிந்தால் தன்னை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று அவள் முழுசாக நம்பினாள். எங்கே என்றுதான் தெரியவில்லை. கடற்கரையாக இருக்கும் என்று ஒரு யூகம். அவர்கள் ஊரில் யாரும் கடலைப் பார்த்ததில்லை.

வீட்டுத் தரையைக் கூட்டிவிடலாம், வயலை எப்படிக் கூட்டுவது? அந்த வயலில் அவரையை விரலாலும் நட மாட்டார்கள், கம்பாலும் நட மாட்டார்கள். ஈரமண்ணில் குதிகாலை அழுத்தி ஒரு குழி போட்டு, இரண்டு விதையை விட்டு, கால்விரலாலேயே மூடிவிட்டு அடுத்த அடி வைப்பார்கள். குழியின் ஆழம் அளவெடுத்த மாதிரி வரும். அது அம்மாவின் வேலை. அம்மா காய்ச்சலில் இறந்த பிறகு மூத்தவளுக்கு வந்தது. அப்பா பின்னாலேயே தண்ணீர் விட்டுக்கொண்டு வருவார். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் அவள் ஒவ்வொரு விதைப்பிலும், விதை விழப்போகிற இடம் பார்த்து, உப்பை வைத்துக்கொண்டே போனாள்.

முதல் விதைப்பில் இலையோரம் கருகியது. இரண்டாவதில் பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. மூன்றாவதில் குழிகள் மட்டும் வரிசை தப்பாமல் இருந்தன. அப்பா ஊர்க்கோடியிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சொன்னார். மண்ணியல் துறையின் பேராசிரியர் வேனில் வந்திறங்கி, மண்ணெடுக்க வேண்டிய முறைப்படி வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பல இடத்து மண்ணை ஒரே வாளியில் போட்டு நன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பை எடுத்துப் போனார். கைப்பிடி உப்பு ஒரு வயல் மண்ணில் கரைந்து காணாமல் போயிற்று. மண்ணில் ஒரு குறையுமில்லை என்று பதில் வந்தது.

அன்றைக்கு அப்பா திட்டியிருந்தால்கூடப் பூனை தாங்கியிருப்பாள். அவர் வரப்பில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப என் கையிலதான் கோளாறு" என்றார். அடுத்த வாரமே வெளியூர்ச் செங்கல் சூளையில் வேலை பேசி முடித்துவிட்டார். மாதம் பிறந்ததும் கிளம்புவது, பிள்ளைகள் அத்தை வீட்டில் இருப்பது, வயலைச் சும்மா போடுவது. அத்தை, "நான் என்ன வேத்தாளா, பாத்துக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். பூனைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் அவள் போக வேண்டும், சொல்லாவிட்டால் அப்பா போவார்.

அந்த வாரத்தில் அதே பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். விவசாயக் குடும்பங்களில் யார் தண்ணீர் தூக்குகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் வீடு வீடாகக் கேட்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தெருவில் அவளைக் கேள்வி அக்கா என்றார்கள். அப்பா வெளியே போயிருந்ததால் பூனைதான் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்து பேனாவை மூடிக்கொண்டே, எல்லா வீட்டிலும் கேட்கிற கடைசிக் கேள்வியைக் கேள்வி அக்கா கேட்டாள்: "நீயா ஏதாவது சொல்லணுமா?" இதற்கு எல்லா வீட்டிலும் இல்லை என்பதுதான் பதில்.

பூனை எழுந்து, கருப்புச் சிமெண்டுத் தரையில் குதிகால் ஊன்றி நாலடி நடந்து காட்டினாள்.

கேள்வி அக்கா பேனாவைத் திறந்தாள். "ரெண்டு கால்லயுமா?"

"ம்."

"எவ்ளோ நாளா?"

"மூணு வெதப்பா."

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு."

கேள்வி அக்கா எழுதுவதை நிறுத்தினாள். "இவ்ளோ நாளா தனியாவா பயந்துகிட்டிருந்தே?" என்று கேட்டாள். "அக்கா, என்னை எங்கயாச்சும் அனுப்பிடுவாங்களா?" என்றாள் பூனை. "தெரியல. ஆனா இது என் துறை இல்ல. தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வரேன். உங்கப்பாகிட்ட நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள் கேள்வி அக்கா. அப்பா வந்தபோது அப்படியே நின்றாள்.

அப்பா தரையையும் மகளின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப என் கையில கோளாறு இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. என் கால்லதான்."

"அட கழுதை. இதுக்கா சூளைக்குப் போக இருந்தேன்?" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நானும் யோசிக்கிறேன், மூணு வருஷமா இந்த வீட்டுல உப்பே தீரலையேன்னு."

மறுநாளிலிருந்து பல்கலைக்கழகம் வரத் தொடங்கியது. மண் பேராசிரியர், கலந்தது தன் தப்பு என்று அப்பாவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பூனையை முன்னே நடக்கவிட்டுப் பின்னால் தவழ்ந்து, ஒவ்வொரு சுவட்டையும் ஸ்பூனால் எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டார். வேதியியல்காரர்கள் அது உப்புதான் என்று உறுதிசெய்தார்கள். இயற்பியல்காரர்கள் நடப்பதற்கு முன்னும் பின்னும் அவளை எடை போட்டு, ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை என்று கண்டு, மகிழ்ச்சியோடு திரும்பிப் போனார்கள். மருத்துவத் துறையின் அம்மாள், இறந்துபோன அம்மாவுக்காகப் பூனை அழாத கண்ணீர்தான் கால் வழியாக வருகிறது என்று ஒரு கருத்து வைத்தார்; மூட்டை வெங்காயத்தை உரிக்கவைத்து நாள் முழுக்க அழவிட்டும் உப்பு ஒரு கல் குறையாததால், நன்றி சொல்லிவிட்டு அந்தக் கருத்தைக் கைவிட்டார். அந்த வெங்காயம் தெருவுக்கே வந்தது. சட்டத் துறை, நடந்தவளுக்கு உப்பு சொந்தமா தரைக்குச் சொந்தமா என்று இன்றுவரை விவாதிக்கிறது. மொழித் துறையினர் அத்தையைப் பிடித்து, உப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்த பழமொழியெல்லாம் பதிவுசெய்தார்கள். படித்தவர்கள் தன் பேச்சை நிறுத்தாமல் கேட்டது அத்தைக்கு அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தை யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போனாள். உப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. யாரும் பூனையை எங்கேயும் அனுப்பவுமில்லை. ஆனால் வயல் அப்படியேதான் கிடந்தது. சூளைக்காரரும் ஆள் அனுப்பிக்கொண்டேயிருந்தார்.

கடைசியாக, மற்ற துறைக்காரர்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டே கூட்டிவந்த ஒருவர் வந்தார். பயிர்ப் பெருக்கத் துறையில் அவர் உப்பில் வளரும் அவரையைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக உண்டாக்கிக்கொண்டிருந்தார். கடலே இல்லாத ஊரில் உப்பவரை யாருக்கு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்கள், யாருக்காவது என்பார். நல்ல மண்ணில் அது முளைக்காது. அதற்காக அவர் மூட்டை உப்பைத் தானே சுமந்து பாத்திகளில் கொட்டி, தோள் ஒரு பக்கம் சாய்ந்தே போயிருந்தது. வயலில் அவர் பூனையின் ஒரு சுவட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்பை விரலால் கிளறி, ஆழத்தைப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. "சரியான அளவும்மா" என்றார். "இந்த அளவு வராமத்தான் இத்தனை வருஷம் அல்லாடினேன்."

"நான் இறங்கினா கெட்டுப்போயிடுமே சார்" என்றாள் பூனை.

"நீ இறங்கலன்னாதான் கெட்டுப்போகும். காலை நல்லா ஊனி நட."

அவருடைய உப்பவரை விதையைக் குழிக்கு இரண்டாக விட்டுக்கொண்டே அவள் ஊன்றி நடந்தாள். அப்பா பின்னால் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தார். எட்டாம் நாள் ஒவ்வொரு குதிகால் பள்ளத்திலும் இரண்டு இலை எழுந்தது. சூளைக்காரருக்கு வரவில்லை என்று ஆள் போயிற்று. வாய்க்கால் கடைசியில் உவர் ஏறிக் கிடந்த வயல்காரர்களும் அந்த விதையை வாங்கிப் போனார்கள். தோள் சாய்ந்தவரை அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை.

பூனை பிறகு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தாள். மண்ணியலோ பயிரியலோ எடுப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சமூகவியல் எடுத்தாள். கேள்வி அக்காவுக்குத் தலை நரைத்த பிறகு, வீடு வீடாகப் போகிற வேலை இவளுக்கு வந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவாள். யார் தண்ணீர் தூக்குகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பாள். கடைசிக் கேள்வியை மட்டும் பேனாவை மூடாமல் கேட்பாள், பதிலுக்கு நேரம் கொடுப்பாள். சில வீடுகளில் பயந்த பிள்ளைகள் அவளுடைய வெள்ளைச் சுவடுகளைப் பார்த்துவிட்டு, தங்களுடையதைச் சொல்லத் தொடங்கும். மற்ற வீடுகளில் பெண்கள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவள் கிளம்பும்போது கூப்பிடுவார்கள்:

"கொஞ்சம் அடுப்படிப் பக்கமும் நடந்துட்டுப் போம்மா. உப்பு தீந்துடுச்சு."