வருகிறேன் என்று எழுது

“பல்லக் கடிச்சுக்கோங்க அத்தை, ஒரே ஒரு தடவைதான்,” என்று சொல்லிக்கொண்டே அவள் மாமியாரைத் தன் பக்கமாகப் புரட்டினாள்.

“பல்லு இருந்தாத்தானே கடிக்கறதுக்கு,” என்றார் அத்தை. முகம் அவள் வயிற்றில் அழுந்தியிருந்ததால் குரல் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. பல்செட் ஜன்னலோரத்துக் கிண்ணத்தில் கிடந்தது.

வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறைப்படி, பழைய விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு சேர்த்துத் தள்ளினாள். அந்த இடத்தில் புதியதைப் பாதி விரித்தாள். அத்தையைத் தூக்குவது இப்போதெல்லாம் பெரிய பாடில்லை. வலிக்காமல் தூக்குவதுதான் பாடு. இடுப்பைத் தொடக் கூடாது. தோளையும் முழங்காலையும் பிடித்து ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். திருப்பினாள். அத்தை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார். வலி அடங்கும்வரை அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

“பதில் போட்டுட்டியா?” என்று கேட்டார் அத்தை.

“எதுக்கு?”

“நான் கேட்டா நீ திருப்பிக் கேக்காத. அந்த வேலைக்கு.”

அவள் விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகினாள். ஏற்கெனவே செருகியிருந்த மூலைதான் அது.

“உங்க பிள்ளை சொன்னாரா?”

“அவனா? அவன் சேந்தாப்புல நாலு வார்த்த பேசிட்டா நாமதான் என்னமோ ஏதோன்னு பதறணும். சமையக்கட்டுல நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டா எனக்குக் கேக்காதுன்னு ரெண்டு பேருக்கும் நெனப்பு. இடுப்புதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு.”

அந்த வேலை கடல் தாண்டி இருந்தது. அவள் பார்ப்பதே வெளியில் சொன்னால் சட்டென்று புரியாத வேலை. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் இங்கே இரண்டு வருடம், அங்கே இரண்டு வருடம் என்று ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி. “படிச்சு முடிச்சும் படிக்கற வேல,” என்பது அத்தையின் விளக்கம். இப்போதைய ஒப்பந்தம் நகரத்து அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில். அங்கே இழுப்பறை இழுப்பறையாகச் செத்த பிராணிகள்: நரி, நீர்நாய், வௌவால், என்ன வகையென்று எவரும் எழுதிவைக்காத எலிகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் பொதிந்து, குழாய்க்குள் நிறுத்தி, ஈயக் கதவு போட்ட பெட்டியில் வைத்து மூடுவாள். உள்ளே அது கொஞ்சங்கொஞ்சமாகச் சுழலும். சுழலச் சுழல எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம். படங்களையெல்லாம் கணினி அடுக்கிச் சேர்த்ததும், ரோமமும் தோலும் அப்படியே இருக்க, எலும்புக்கூடு மட்டும் தனியாகத் திரையில் வந்து நிற்கும். காட்டில் எலும்பு முறிந்தால் கட்டுப் போட ஆள் கிடையாது. அப்படியும் சிலவற்றுக்குக் கூடிவிடுகிறது. கோணலாகவோ மேடு தட்டியோ எப்படியோ கூடி, அதற்கப்புறமும் அது ஓடியிருக்கிறது, பறந்திருக்கிறது. எத்தனை காலம், எப்படி என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அத்தைக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து காலமெல்லாம் ஊரை வழியனுப்பியவர் அவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சில நாள் மருமகளோடு கிளம்பி வந்துவிடுவார். ஒருமுறை திரையில், பின்னங்கால் முறிந்து கூடியிருந்த ஒரு நரியைக் காட்டினாள். அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கால் ஒடிஞ்சு கெடந்தப்ப இதுக்குச் சாப்பாடு யாரு கொண்டாந்து குடுத்தா?”

“தெரியல அத்தை.”

“அதுக்கெல்லாம் எக்ஸ்ரே கெடையாதா?”

அக்கம்பக்கத்தில் மருமகளை அறிமுகப்படுத்தும்போது, “இவதான் எங்க எலும்புக்காரி,” என்பார். வைத்தியம் பார்ப்பவள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் முழங்கால் வலியோடு வீட்டுக்கே வந்திருக்கிறார்கள்.

“பதில் போட இன்னிக்குத்தானே கடைசி நாள்?” என்றார் அத்தை இப்போது.

“ஆமா.”

“அப்ப போடு.”

“இப்ப அதுவா முக்கியம்? மொதல்ல உங்களுக்கு உடம்பு கொஞ்சம்…” அவள் நிறுத்திக்கொண்டாள்.

“கொஞ்சம்? தேறட்டும்னா?” அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் வலுவில்லை, ஆனால் விடவும் இல்லை. “அன்னிக்கு ஆஸ்பத்திரியில எல்லாரும் அந்தப் படத்தப் பாத்தீங்க. நான் உன் மூஞ்சியப் பாத்தேன். டாக்டர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

குளியலறையில் அத்தை விழுந்த நாள் அது. சக்கரப் படுக்கையில் அவரைப் படுக்கவைத்துவிட்டு டாக்டருக்காகக் காத்திருந்தார்கள். இடுப்பின் எக்ஸ்ரே திரையில் இருந்தது. முதலில் அவள் முறிவைப் பார்த்தாள். அடுத்து அதைச் சுற்றி எலும்பு செல்லரித்த காகிதம்போல இருப்பதைப் பார்த்தாள். விழுந்ததால் ஒடிந்த எலும்பு அல்ல அது. ஒடிந்ததால்தான் அத்தை விழுந்திருக்கிறார். வேறெங்கோ தொடங்கிய நோய் இடுப்புக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய அறிவிப்பை வரி வரியாகப் படித்தாள். டாக்டர் வந்து சொல்லத் தொடங்கும்வரை படித்துக்கொண்டே இருந்தாள்.

“நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

“என்னத்தச் சொல்லியிருப்ப? நீதான் சுவரப் பாத்து நின்னியே. அதுவே போதும் எனக்கு.” அத்தை மூச்சு வாங்கிக்கொண்டார். “இப்ப நான் சொல்றதக் கேளு. நான் போனதுக்கப்புறம் நீ சரின்னு எழுதினா, நான் எப்பப் போவேன்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி ஆயிடும். ஊரு சொல்லாது. ஊருக்கு ஆயிரம் வேல. நீயே சொல்லிக்குவ. அந்த ஊர்ல தூக்கம் வராமப் படுத்துக்கிட்டு உனக்கு நீயே சொல்லிக்குவ. எனக்கு உன்னத் தெரியாதா?”

“முடியாதுன்னு எழுதிட்டா?”

“அது இன்னும் மோசம். உன் வேலையக் கெடுத்துட்டுப் போனவளா நான் ஆயிடுவேன். செத்தும் எனக்கு ஏன் அந்தப் பேரு? நான் இருக்கறப்பவே போறேன்னு சொல்லு. நான் சரின்னு சொல்றேன். அவ்ளோதான் விஷயம்.”

அவள் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பழைய விரிப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வரும்போது கையில் மடிக்கணினி இருந்தது.

“இங்க உக்காரு. எனக்குக் கேக்கற மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுது,” என்றார் அத்தை.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். “உங்க கடிதத்துக்கு நன்றி. இந்த வேலைய ஏத்துக்கறேன்.”

“சந்தோஷமா ஏத்துக்கறேன்னு போடு.”

“அத்தை.”

“போடுடி. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றவள யாரு வேலைக்கு வெச்சுப்பா?”

போட்டாள். பிறகு விரல்கள் நின்றுவிட்டன.

“என்ன?”

“எப்ப வந்து சேர முடியும்னு கேட்டிருக்காங்க.”

கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியைப் பின்னுக்கு எடுக்க, இன்னொருவர் ‘வா வா வா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வண்டி நிற்கும்வரை அத்தை யோசித்தார்.

“வீட்டுல பெரியவங்க ஒருத்தங்க இருக்காங்க, அவங்க அனுப்பி வெச்சதும் வர்றேன்னு எழுது.”

“அப்படியேவா?”

“அப்படியேதான். இங்கிலீஷ்ல நல்லா இருக்கற மாதிரி நீ பாத்துக்கோ.”

அவள் அப்படியே எழுதினாள். திரை மங்கலாகத் தெரிந்ததால் எழுத்துப்பிழை பார்க்கவில்லை. அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசும் தன் பழைய கவுன்ட்டர் குரலை எடுத்தார்.

“போக மட்டுமா, போகவர ரெண்டுக்குமா?”

“ரெண்டுக்கும்.”

“சரி, நகரு. அடுத்த ஆள்.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இடுப்பில் போய் இடிக்க, அத்தை பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தில் அவள் முந்தானையால் ஒற்றினாள்.

மருந்து வாங்கப் போயிருந்த கணவன் வந்து சேர்ந்தபோது அத்தை விழித்துத்தான் இருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். விடுப்பில் இருந்தும் பழக்கத்தில் வேலைச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போயிருந்தான்.

“டேய், இவ போறா. பதில் போட்டாச்சு. நீயும் பின்னாடியே போயிடு.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

“அங்கயும் மாடி வீடு இருக்கும்ல?” என்றார் அத்தை.

“இருக்கும்மா.”

“அப்ப லிஃப்டும் இருக்கும். உனக்கென்ன கவல?”

“சரிம்மா,” என்றான். மருந்துப் பையை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, “ஏதாவது குடிக்கறியாம்மா?” என்று கேட்டான். அத்தை வேண்டாம் என்று கையசைத்தார். தலையை மட்டும் வாரிவிடச் சொன்னார். அவள் சீப்பை எடுத்து, முன்னே இருந்த கொஞ்சம் முடியை வகிடெடுத்து வாரிவிட்டாள். வாரி முடிப்பதற்குள் அத்தை தூங்கிவிட்டார்.

நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, வலிக்கான ஊசி போட்டாள். “நாடி ரொம்ப எறங்கிடுச்சு. இனிமே முழிப்பாங்களான்னு தெரியல. பக்கத்துலயே இருங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். மதியம் முழுக்க இருவரும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள். அவன் போர்வைக்கு மேலேயே அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து தரைக்கு இறங்கியபோது ஒரு மூச்சு போனது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள்.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் இந்தத் தடவை எங்கும் திரும்பிக்கொள்ளவில்லை. அவன் பார்த்து முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். அவன் மெல்ல அந்தப் பாதத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

நர்ஸும் அவளும்தான் உடம்பைத் துடைத்தார்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கழுத்திலிருந்து தொடங்கினாள். கழுத்தடியில் இடது காறை எலும்பின்மேல் போன கை ஒரு மேட்டில் தட்டி நின்றது. துணியை வைத்துவிட்டு வெறும் விரலால் தடவினாள். ஒரு துண்டின்மேல் இன்னொன்று ஏறி, அப்படியே கூடியிருந்தது. மிகப் பழைய முறிவு. சின்ன வயதிலேயே ஆகியிருக்க வேண்டும். யாரும் சரியாகக் கட்டுப் போட்டுவிடவில்லை. இத்தனை நாள் குளிப்பாட்டியும் இடுப்பைப் பற்றிய பயத்தில் இதைக் கவனித்ததில்லை.

கதவுக்கு வெளியே நின்றிருந்த கணவனிடம் போய்க் கேட்டாள். “அம்மாவுக்கு எப்பவாவது தோள்ல அடிபட்டிருக்கா?”

“அம்மாவுக்கா? எனக்குத் தெரிஞ்சு இல்லயே. ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

உள்ளே வந்து, அந்த இடத்தை மறுபடி ஒருமுறை துடைத்தாள். வலிக்கிற இடத்தைத் துடைப்பதுபோல, அழுத்தாமல். நர்ஸ் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் மயானத்தில் எல்லாம் முடிந்தது. கவுன்ட்டரில் கூட வேலை பார்த்த பெண்கள் மூன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். அத்தை ஒருமுறை மேலதிகாரியையே வரிசையில் நிற்கவைத்த கதையைச் சொல்லிச் சிரித்து, சிரித்ததற்காக வருத்தப்பட்டார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை நின்றார். எல்லோரும் கலைந்தபின் அவளும் கணவனும் மட்டும் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அவன் வழியில் பேசியது ஒரே ஒரு தடவை, நிறுத்தம் வந்துவிட்டதென்று சொல்வதற்காக.

மாடியேறி வந்து வாசலில் நின்றதும் அவன் கை தானாகப் போய் அழைப்பு மணியை அழுத்தியது. உள்ளே மணி அடித்து ஓய்ந்தது.

அழுத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையை எடுத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றான். அவள் கைப்பையில் சாவி இருந்தது. பைக்குள் விட்ட கையை அவள் வெளியே எடுக்கவில்லை. உள் அறையிலிருந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரது என்று கேட்டுக்கொண்டே கூடத்தைக் கடந்து வந்து ஒருவர் தாழ்ப்பாளை நீக்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அவளும் அவன் பக்கத்தில் நின்றாள்.