இடது காதில் இருந்த கை

மின்விசிறிகளுக்குச் செம்புக் கம்பி சுற்றித் தரும் விசிறிக்காரரின் தந்தை இறந்தபோது, வலது கை இல்லாமலே அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. அக்கை மணிக்கட்டோடு கழன்று, மகனின் இடது காதைத் திருகிய நிலையில் நின்றுவிட்டது. தண்ணீரைச் சிந்தினாலும் சிந்தாவிட்டாலும் மகனைக் காதைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்குவது அத்தந்தையின் அன்றாட வழக்கம். நெடுநாள் பழகிய கைக்கு வேறு வேலை தெரியாமற்போனதில் வியப்பில்லை. மகனுக்கு இருபது வயதானபின் அதனுள்ளிருந்து குரலும் கேட்கலாயிற்று: "நீ உருப்படவே மாட்டேடா." அதற்கு அஞ்சி அவர் தெருவில் ஓடினார், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், தேறினார், வீடு திரும்பினார், மீண்டும் ஓடினார். மாத்திரை விழுங்கினால் குரல் தாழ்ந்தது, கையும் அரைத்தூக்கம் போட்டது. காது மருத்துவர் காதில் குறையில்லை என்றார். எலும்பு மருத்துவரோ, கை நோயாளியுடையதன்று என்று கதவைச் சாத்தினார். உடன் வாழ்ந்த அக்கா ஞாயிறுதோறும் அக்கையின் நகங்களை வெட்டி விட்டாள், யாரேனும் வினவினால், "கையா? எந்தக் கை? எங்கப்பா தங்கமான மனுஷன்" என்றாள், நகவெட்டியைக் கீழே வைக்காமலே.

இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தபின் மனநல மருத்துவமனைக்குப் புதிதாக வந்த பெண் மருத்துவர், கை யாருடையது என்று வீட்டார் ஒப்புக்கொள்ளும்வரை, மறுபடி அங்கே சேர்க்கப்பட்டிருந்த அவரை அவ்வீட்டுக்கு அனுப்ப இயலாது என்று கூறிவிட்டார். விசிறிக்காரர் தம்மைக் காண வந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, எனக்கு வீட்டுக்கு வரணும். இங்க சாம்பார்ல பருப்பைத் தேடியே வயசாயிடும் போலருக்கு."

அக்கா கைப்பையை நெடுநேரம் திறந்து மூடினாள். பிறகு கையைப் பார்த்தே பேசினாள்.

"அப்பா கைதான். உன்னை உள்ள போட்டுத் தூக்கும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியதான்டா நின்னேன். வாயைத் திறந்தா அடுத்தது என் காதுன்னு பயம்."

"தெரியும். கதவுக்கு அடியில உன் கால் தெரியும்."

அப்போது கையின் சுண்டுவிரல் மட்டும் காதை விட்டு நிமிர்ந்தது. மற்றவை விடவில்லை, இன்றளவும் விடவில்லை. மருத்துவர் அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பினார், மாத்திரைகளோடுதான். இப்போது அவர் பட்டறையில் செம்புக் கம்பிச் சுருளை அச்சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு விசிறிகளுக்குச் சுற்றுகிறார். உருப்பட மாட்டாய் என்று குரல் தொடங்கும்போது, "சரிப்பா, கம்பியை ஆட்டாமப் புடி" என்கிறார். கை ஆட்டாமல் பிடித்துக்கொள்கிறது.