கண் திறக்காத நடுகல்

ரயிலில் டிக்கெட் கேட்டுக் கேட்டே எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து வயலை வெகு ஆர்வமாகப் பார்க்கிறவனிடம் டிக்கெட் இருக்காது. தூங்குகிறவனை நான் நம்பமாட்டேன், தூங்காமல் சிரிக்கிறவனை அதைவிட நம்பமாட்டேன். இதை என் மனைவி வியாதி என்பாள், நான் உத்தியோகம் என்பேன்.

1984இல் வேலூரில் ஒரு கல்லூரி மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பகுதிநேர எம்.பில். வகுப்பு நடந்தது. பாடம், வட்டார வரலாறு. நான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே பாஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பேராசிரியர் கோதண்டராமன் முதல் வகுப்பிலேயே, "சரித்திரம் படிக்கிறவன் எதையும் எடுத்த எடுப்பில் நம்பக் கூடாது" என்றார். எனக்கென்றே செய்த படிப்பு என்று அன்றே மகிழ்ந்துபோனேன்.

வகுப்பில் எல்லோரும் பிள்ளை குட்டிக்காரர்கள். கணியம்பாடிப் பள்ளிக்கூட டீச்சர் விஜயகுமாரி வீட்டுச் சமையலை முடித்துவிட்டு ஓடிவருவார். பச்சையப்பன் ஆம்பூரில் ஒரு டேனரியில் டிரம் செக்ஷன் மேஸ்திரி. தோலை ரசாயனத்தில் புரட்டும் பெரிய மர டிரம்களோடு பதினைந்து வருடம் மல்லுக்கட்டியவர், நகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். ராத்திரிப் பள்ளியிலும் தபால் வழியிலும் எம்.ஏ. வரை ஏறி வந்தவர். கறுப்புச் சட்டை தவிர வேறு சட்டை போடமாட்டார். ஆம்பூர் பஜாரில் மேடை போட்டு, கல் கடவுளாகாது என்று பேசுகிறவர்.

நான்காவது ஆள் முனீர் அகமது, அந்த டேனரி முதலாளியின் தங்கை மகன். அங்கேயே கணக்குப் பார்க்கிறார். ஆம்பூர் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். பச்சையப்பன் வகுப்புக்கு வருவதற்காக ஞாயிறு லீவை மாமாவிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவர் இவர். முதலாளி வீட்டுப் பையன் மேஸ்திரிக்கு எதற்காக இவ்வளவு உபகாரம் செய்ய வேண்டும்? எனக்கு அது முதலிலிருந்தே உறுத்தியது.

பச்சையப்பனின் ஆய்வேடு முழுக்க ஒரே ஒரு கல்லின் மேல் நின்றது. டேனரி மதிலுக்கு வெளியே, பாலாற்றங்கரையில், முதலாளி பட்டாவுக்குள் அது குப்புறக் கிடந்தது. ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பார்களாம். பச்சையப்பன் அதைப் புரட்டிப் பார்த்தபோது வில்லோடு ஒரு வீரனும், தலைக்கு மேல் ஐந்து வரி வட்டெழுத்தும் இருந்தன. போரில் செத்தவனுக்கு நட்ட நடுகல். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் போய் மைப்படி எடுத்து வந்தார். அதாவது, கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எழுத்தைத் தாளில் இறக்குவது.

ஆய்வேட்டையும் கொடுத்தாகிவிட்டது. ஆனி மாதத்தில் கோதண்டராமன் பச்சையப்பனை அழைத்தார். "மெட்ராஸிலிருந்து வருகிற தேர்வாளர் கல்லை நேரில் பார்க்கணும்கிறார். தாளில் மை தடவ யாராலும் முடியும், கல்லைக் காட்டாவிட்டால் பாஸ் போடமாட்டேன்னு சொல்லிட்டார்."

அதற்கென்ன என்று நாங்கள் எல்லோரும் ஆம்பூருக்குப் போனோம். ஆற்றங்கரையில் கல் இல்லை. அது கிடந்த இடத்தில் ஒரு பள்ளமும் கொஞ்சம் மாட்டு மயிரும்தான் இருந்தன.

பச்சையப்பன் பள்ளத்துக்குள் இறங்கி நின்றுவிட்டார். ஒரு காலேஜில் அவருக்கு டியூட்டர் வேலை பேசி வைத்திருந்தார்கள், எம்.பில். கையில் வந்தால் போதும். டாக்டர் அவருடைய நெஞ்சைத் தட்டிப் பார்த்து, டிரம் செக்ஷனை விட்டு வெளியே வா என்று சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"இது போனா மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லைங்க" என்றார்.

எனக்கு யோசிக்க நேரமே பிடிக்கவில்லை. கல் கிடந்த இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் டேனரியின் கழிவு வாய்க்கால் ஆற்றில் இறங்கியது. சர்க்கார் ஆட்கள் கல்லைப் பார்க்க வந்தால் வாய்க்காலையும் பார்ப்பார்கள். கல் இல்லாவிட்டால் யாருக்கு நிம்மதி? முனீரை ஓரம் கட்டினேன்.

"உங்க மாமா கல்லை எங்க தள்ளினாரு?"

"எங்க மாமாவுக்கு அப்படி ஒரு கல் கீதுன்னே தெரியாது சார்."

"அதெப்படி, நீங்க சொல்லாமலா இருப்பீங்க?"

முனீரின் முகம் சுண்டிப்போயிற்று. டேனரிக் கதவைத் திறந்துவிட்டார். நானும் விடவில்லை. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளில் ஒவ்வொன்றாக மூங்கிலை விட்டுக் குத்திப் பார்த்தேன். விஜயகுமாரி டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "விட்டா டிரம்முக்குள்ளயும் இறங்கிடுவீங்க போல" என்றார். இறங்கவும் செய்தேன். மூங்கிலில் தோல்தான் இடறியது, கல் இடறவில்லை.

"சார், நீங்க டிக்கெட் இல்லாதவன்னு முடிவு பண்ணிட்டு அப்புறமா டிக்கெட் கேக்கறீங்க" என்றார் முனீர். பிறகு பச்சையப்பனைத் திரும்பிப் பார்த்தார். பச்சையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். என்னை வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. அதுதான் முனீருக்கு வலித்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வகுப்புக்கு வரவில்லை.

முனீர் பக்கம் வழி அடைபட்டதும் என் சந்தேகம் வேறு பக்கம் ஓடியது. அந்தக் கல்லை எங்களில் யார் பார்த்தோம்? பச்சையப்பன் பார்த்ததாகச் சொன்னார், தாளைக் காட்டினார், அவ்வளவுதான். பள்ளத்தை யாரும் தோண்டலாம். தேர்வாளர் சொன்னது போல மையையும் யாரும் தடவலாம். பதினைந்து வருட வாழ்க்கையை ஒரு தாளில் கட்டியவன் அழத்தானே செய்வான்! இப்படி நினைக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் நினைத்தேன்.

ஆடி பிறந்தது. தேர்வாளர் வரும் புதன்கிழமைக்கு முந்தின நாள் பச்சையப்பன் ஷிஃப்டில் இருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன், ஒளிப்பானேன். அவர் மனைவி ராஜம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. அவரு வேலைக்குப் போய்ட்டாரே."

"தெரியும்மா. ஒரு வார்த்தை கேக்கணும். ஆத்தங்கரையில அந்தக் கல்லு நெசமா இருந்துச்சா? இப்ப எங்க கீது?"

முறம் நின்றது. அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எங்க அம்மா ஊர்ல கீதுண்ணா. பேரணாம்பட்டு ரோட்ல. எங்க அண்ணனுங்க மாட்டு வண்டியில ஏத்திக்கினு போனாங்க."

எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. "நீயா எடுத்த?"

"இன்னாண்ணா இப்படிக் கேக்கறீங்க. கல்யாணமாகி இத்தினி வருசத்துல அந்த மனுசன் ஒரு கோயில் வாசல்ல நின்னு நான் பாத்ததில்ல. அன்னிக்குச் சோறு எடுத்துக்கினு போறேன், செருப்பைக் கழட்டி வச்சிட்டு, குடம் குடமா தண்ணி ஊத்திக் கழுவறாரு. புதுத் துண்டால தொடைக்கறாரு. வெள்ளையா ஒண்ணு போத்தி, மை பொட்டு வைக்கறாரு. பொழுது சாயற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கல. கிட்டப் போனா, தொடாத தள்ளி நில்லுன்றாரு. அவரையே அப்படி உக்கார வச்சிதுன்னா அது எவ்ளோ பெரிய சாமி! அதைப் போயி தோல் கழுவுற தண்ணிக்குப் பக்கத்துல வுடலாமா?"

செருப்பு ஈரக் கல்லில் வழுக்கும். தாள் காய்கிற வரை அசையக் கூடாது, ஒருவர் கை பட்டால் கிழிந்துவிடும். இதையெல்லாம் நான் அவளுக்கு எப்படிச் சொல்வது?

"அவர் ராத்திரி பகலா அழறாரே. சொல்லக் கூடாதா?"

"சாமிக்குக் கண்ணு தொறந்து வைக்கற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பூசாரி கட்டுப்பாடு பண்ணிட்டாரு. வர்ற ஆடி வெள்ளிதான் நாளு. அன்னிக்கு அவரைக் கூட்டிக்கினு போயி முன்னால நிறுத்தலாம்னு இருந்தேன்." முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். "அவரு ஊர்ல கீற அத்தினி பேரையும் கேட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டாராண்ணா? நீங்க கேட்டீங்க, கட்டுப்பாடு போனாலும் போவுதுன்னு சொல்லிட்டேன்."

அன்று ராத்திரியே பச்சையப்பனுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன். மறுநாள் தேர்வாளரையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் அந்த ஊருக்குப் போனோம். ஜீப் கொண்டுவந்தது முனீர்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அடுத்த தபா டிரம்முல இறங்கறப்ப வேட்டி கட்டிக்கினு வாங்க" என்றார். பச்சையப்பன் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

மலையடிவாரத்தில் வேப்பமரத்தடியில் கல் நின்றது. அடி முதல் முடி வரை மஞ்சள், எண்ணெய், குங்குமம் என்று விரல் கனத்துக்கு அப்பியிருந்தார்கள். இடுப்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். "இதிலே எங்கேய்யா வட்டெழுத்து?"

சுரண்டுவதற்குப் பச்சையப்பன் பையிலிருந்து கத்தியை எடுத்தார். சுற்றி நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். ராஜம்மாளின் அண்ணன் முன்னால் வந்தான். ராஜம்மாள் அவனைத் தள்ளிவிட்டு ஒரு குடம் தண்ணீரைக் கணவனிடம் கொடுத்தாள்.

"கத்தி எதுக்கு? அன்னிக்குக் கழுவின மாதிரியே கழுவு."

அவர் அவளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். குடம் குடமாக ஊற்றி, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பெண்கள் கைகூப்பி நின்றார்கள். எழுத்து வரி வரியாக வெளியே வந்தது. தேர்வாளர் மைப்படியை விரித்துப் பக்கத்தில் பிடித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். கடைசி வரி முடிந்ததும் எழுந்து பச்சையப்பனின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் சந்தேகப்பட்டது தப்பு. இனி வைவா கேள்வியெல்லாம் எதுக்கு? பாஸ்."

விஜயகுமாரி டீச்சர் வாய்விட்டு அழுதேவிட்டார். எனக்கும் கண் கரித்தது, சீயக்காய்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

"இன்னாங்க எழுதியிருக்குது?" என்று ராஜம்மாள் கேட்டாள்.

தேர்வாளர் உற்சாகத்தில் இருந்தார். "ஊர் மாட்டையெல்லாம் எதிரிகள் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவன் ஒருத்தன் துரத்திப் போய் மீட்டுவிட்டுச் செத்திருக்கிறான்."

"அப்போ மனுசனா?"

பெண்கள் தேர்வாளரைப் பார்க்கவில்லை, பச்சையப்பனைப் பார்த்தார்கள். ராஜம்மாளும் அவரைத்தான் பார்த்தாள். ஐந்து மாதமாக அவள் கட்டிக் காத்தது அவர் வாயில் இருந்தது. கல் கடவுளாகாது என்ற ஒரு வார்த்தையைத்தான் அவர் பதினைந்து வருடமாக மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரி ஆட்கள் முன்னால், தேர்வாளர் முன்னால், சொல்வதற்கு இதைவிட நல்ல இடமும் கிடைக்காது.

அவர் கறுப்புச் சட்டையின் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இல்ல ராஜம்மா, சாமிதான்" என்றார். "வெள்ளிக்கிழமை கண்ணு தொறக்கறப்ப நானும் வர்றேன்."