ஒரே செய்தி மூன்று தரம்

குளத்தின் வான்கதவைத் திறக்கப் போகிறார்கள் என்றால் வவுணதீவுக்கு மேற்கே இருக்கிற அந்த வயல் வட்டையில் எல்லோருடைய போனும் மூன்று தரம் அடிக்கும். ஏன் மூன்று என்று யாரும் கேட்டதில்லை. எடுத்துப் பார்த்தும் பயனில்லை. பாதிப் பேரிடம் இருந்தது பட்டன் போன், தமிழில் செய்தி வந்தால் அதில் வரிசையாகச் சதுரப் பெட்டிகள்தான் தெரியும். அதனால் அவர்கள் செய்தியைக் காதால் வாசித்தார்கள். ஒரு தரம் அடித்தால் போன் கம்பனியின் ரீலோட் விளம்பரம். மூன்று தரம் அடித்தால் தண்ணீர்.

நல்லரத்தினம் இந்தக் கணக்கை மற்ற எல்லோரையும்விட அதிகமாக நம்பினார். அறுபதைத் தாண்டிய தனி ஆள். கதிர் முற்றுகிற காலத்தில் இரவு முழுக்க யானைக்கு வெடி கொளுத்திக்கொண்டு விழித்திருப்பார், பகலில் காவல் குடிசையான வாடிக்குள் அடித்துப்போட்டாற்போல் தூங்குவார். அவருடைய வாடி வட்டையின் தாழ்ந்த கோடியில் இருந்தது. தண்ணீர் முதலில் வந்து நிற்பது அங்கேதான். போன் தலைமாட்டில் கிடக்கும். முதல் சத்தத்துக்குப் புரண்டு படுப்பார், இரண்டாவதுக்குக் கண்ணைத் திறப்பார், மூன்றாவதுக்கு எழும்பி மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார்.

வாவிக்கு இந்தப் பக்கம், டவுன் கரையில், இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் செய்திகளை அனுப்பியது நாவற்குடாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனம். அங்கே கணினி நிரல் எழுதுகிறவள் கஜானி. அவளுடைய கணவன் ஜெயரூபன் அதே வட்டையில்தான் வேளாண்மை செய்கிறான். அப்படியிருந்தும் அவளுக்குத் தெரியாது என்றால் நம்பக் கஷ்டம்தான். ஆனால் அவள் வேலைக் கதை எடுத்தால் அவன் கொட்டாவி விடுவான், அவன் வட்டைக் கதை எடுத்தால் அவள் போனை நோண்டுவாள். நல்ல குடும்பங்கள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன.

முறைப்பாடு வந்தது டவுனில் இருக்கிற ஒரு பெரிய மனிதரிடமிருந்து. வட்டையில் அவருக்குக் காணி உண்டு, கால் வைத்துப் பல வருடங்கள். கூட்டத்தில் இருக்கும்போது போன் மூன்று தரம் அடித்துத் தொந்தரவு செய்கிறதாம். நிறுவனத்தை நடத்துகிற சிவதர்ஷன் கஜானியின் மேசைக்கு வந்தான்.

"அக்கா, ஒரே மெசேஜ் மூண்டு தரம் போகுதாம். ஒருக்காப் பாருங்க. ஆக்கள் நம்மளப் பாத்துச் சிரிக்கப் போறாங்க."

அவள் பார்த்தாள். குளத்துப் பக்கமிருந்து வருவது எக்ஸ்எம்எல் செய்தி. கிளை கிளையாகப் பிரிகிற மரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 'பகுதி' என்ற கிளை மூன்று தரம் இருந்தது. இடது வாய்க்காலுக்கு ஒன்று, வலது வாய்க்காலுக்கு ஒன்று, கடைமடைக்கு ஒன்று. மூன்றிலும் எழுதியிருந்தது ஒரே வட்டையின் எண். நிரலோ கிளைக்கு ஒரு செய்தி என்று அனுப்பிக்கொண்டிருந்தது. பிழை என்று பார்த்தால் பிழைதான்.

மரத்தில் முதல் கிளையை விட்டுவிட்டு, அதே எண்ணோடு வருகிற மற்றவற்றை வெட்டும்படி எழுதினாள். அடுத்த செய்தி இரண்டு தரம் போனது. மழை விட்டும் தூவானம் விடவில்லை. இரண்டாவது கிளையை வெட்டியதும் மூன்றாவது கிளை அந்த இடத்துக்கு நகர்ந்து வந்துவிடுகிறது. நிரல் அதைத் தாண்டி மூன்றாம் இடத்தைப் போய்ப் பார்க்கிறது, அங்கே ஒன்றுமில்லை, வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறது. படித்த நாளிலிருந்து எல்லோரும் விடுகிற பிழை.

அந்த இரண்டு சத்தம் வட்டையில் ஒரு நாள் முழுக்கப் பேச்சாக இருந்தது. ரெண்டு அடித்தால் அரைவாசித் தண்ணீர் என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நல்லரத்தினம் அதற்கெல்லாம் நிற்கவில்லை, மாடுகளோடு மேட்டுக்குப் போய்விட்டார். ஜெயரூபன் இதை வீட்டில் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாளா என்பதும் சந்தேகம்.

கஜானி நிரலைத் திருத்தினாள். இப்போது கடைசிக் கிளையிலிருந்து முன்னோக்கி வெட்டிக்கொண்டு வந்தது. பின்னால் வெட்டினால் முன்னால் இருப்பவை நகராது. சோதித்தாள், சுத்தமாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். சிவதர்ஷன் கீழே போய் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிவந்தான்.

அறுவடைக்குக் கிட்டமுட்ட, பெய்யக்கூடாத நேரத்தில் மழை பெய்தது. மேலே காட்டுப் பக்கம் இரண்டு நாள் கொட்டியது. ஒரு பின்னேரம் குளத்திலிருந்து செய்தி வந்து, கஜானியின் திரை வழியாகப் போனது. மூன்று கிளை உள்ளே வந்தது, ஒரு கிளை வெளியே போனது. ஆளுக்கு ஒரு செய்தி. அவள் அதைப் பார்த்து ரசித்தாள் என்றே சொல்ல வேண்டும். பட்டியலில் ஜெயரூபனின் நம்பரைக் கண்டதும், சரி, ஆள் இப்போது புறப்பட்டிருப்பான், வரும்போது பாண் வாங்கிவரச் சொல்லலாம் என்று கூப்பிட்டாள்.

எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. புறப்பட்டவன் ஏன் எடுக்கவில்லை? விடாமல் அடித்தாள்.

கடைசியில் எடுத்தான். "என்ன புள்ள, வீட்டில ஆருக்கும் ஏதுமா?"

"நீங்க இன்னும் வட்டைக்குள்ளயா? தண்ணி திறந்திட்டாங்க. மெசேஜ் வரல்லையா?"

"ஒண்டுதானே அடிச்ச. விளம்பரமெண்டு விட்டுட்டன்."

"ஒண்டுதான் வரும். அதத்தான் நான் சரிசெஞ்ச."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"தண்ணியெண்டா மூண்டெல்லோ அடிக்கும்" என்றான் ஜெயரூபன். பிறகு போனை வைத்துவிட்டு வரம்பில் கத்திக்கொண்டு ஓடினான்.

கஜானி யாரிடமும் கேட்கவில்லை. அதே செய்தியை இன்னும் இரண்டு தரம் கையாலேயே அனுப்பினாள். அவசரத்தில் கடவுச்சொல்லைப் பிழையாக அடித்து, மறுபடி அடித்தாள். சிவதர்ஷன் பின்னால் வந்து நின்று, என்னக்கா செய்யிறீங்க என்றான். அவள் 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.

திரையில் ஒவ்வொரு நம்பருக்கும் நேரே 'கிடைத்தது' என்று விழுந்துகொண்டு வந்தது. வட்டையில் ஆட்கள் வாடிகளிலிருந்து வெளியே பாய்ந்தார்கள். சாக்கோடு, மாட்டோடு, கிடைத்ததோடு மேட்டில் ஏறினார்கள். தாழ்ந்த கோடிக்கு ஜெயரூபன் போய்ச் சேரவில்லை. நடு வாய்க்கால் அதற்குள் வரம்பு மூடிப் பாய்ந்துகொண்டிருந்தது. அவன் இக்கரையில் நின்று, தொண்டை கட்டும் வரை நல்லரத்தினத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

ஒரே ஒரு நம்பருக்கு நேரே முதல் செய்தி மட்டும் கிடைத்ததாக இருந்தது. மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. போன் அணைந்துவிட்டிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அவரை வாடிக்குக் கொஞ்சம் தள்ளி, மருத மரத்தடியில் எடுத்தார்கள். மாடுகள் கட்டினபடியே கிடந்தன.

செத்த வீடு கரடியனாற்றில், அவருடைய அக்கா ஆச்சிப்பிள்ளையின் வீட்டு வளவில். சிவதர்ஷன் கஜானியைப் போகவேண்டாம் என்றான். ஆளை எடுத்தது வெள்ளம், நிறுவனமல்ல, நீங்க செஞ்சது சரியான வேலை என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் ஜெயரூபனின் மோட்டார் சைக்கிளில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் போனாள். அவன் அவளைக் குறை சொல்லவில்லை, அது அவளுக்கு ஏச்சைவிடக் கனமாக இருந்தது.

ஆச்சிப்பிள்ளை அழுது முடித்துக் களைத்துப்போய்ப் பாயில் உட்கார்ந்திருந்தார். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். கஜானி பக்கத்தில் போய் இருந்ததும் அவளிடமும் கேட்டார்.

"மூண்டு அடிச்சா எழும்புற மனிசன், மகள். எவ்வளவு நித்திரையெண்டாலும் எழும்புவான். அண்டைக்கு மட்டும் ஏன் எழும்பல்ல?"

பக்கத்தில் இருந்தவர்கள் விதி என்றார்கள், வயது என்றார்கள். கஜானி நினைத்திருந்தால் அவர்களோடு சேர்ந்து தலையாட்டியிருக்கலாம்.

"மூண்டு அடிக்கல்ல மாமி" என்றாள். "ஒண்டுதான் அடிச்ச. மற்ற ரெண்டையும் நான்தான் அழிச்சன்."

ஆச்சிப்பிள்ளை கோபப்படவில்லை. அவருக்கு விளங்கவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் புள்ள?"

"மூண்டும் ஒரே செய்திதானே எண்டு நினைச்சிட்டன் மாமி."