எதிர்ப்பாய்

சமாதானக் கையெழுத்து கப்பலில் ஆயிற்று. எங்கள் ஒலாவுத் தீவுக்கு எதிரே வெள்ளைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. கரைக்காரர்களான எங்களில் சிலரும் மலைக்காரர்களில் சிலரும் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டு, குளிர்ந்த பழரசம் குடித்துவிட்டு இறங்கினார்கள். செம்புச் சுரங்கம் யாருக்கு என்று தொடங்கிய சண்டை, சுரங்கமே யாருக்கும் வேண்டாம் என்று முடிந்தது. இதற்கா இத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் கடலைப் பார்த்தார்கள்.

காகிதம் கிடக்கட்டும். கனவு சொல்லாமல் எங்கள் தீவில் எந்தச் சண்டையும் முடிந்ததில்லை. மணலில் இரண்டு வரிசையாகத் தாழம்பாய் விரிப்போம், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கொன்றவன் கொன்றேன் என்று சொல்லமாட்டான். ஒரு கனவு கண்டேன், உன் ஆள் இன்ன இடத்தில் படுத்திருக்கிறான் என்பான். செத்தவன் வீட்டார் பதிலுக்கு ஒரு கனவு சொல்லிவிட்டால் தீர்ந்தது, அப்புறம் அவனை யாரும் தொடக்கூடாது. அவர்கள் வாய் திறக்காமல் எழுந்து போனால் கொன்றவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. நிஜமாகவே கனவு கண்டாயா என்று எவரும் கேட்பதில்லை. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்த வெளிநாட்டு அமைதிக்காரி மட்டும் கேட்டாள். மொழிபெயர்த்தவன் அதை எங்களிடம் சொல்லாமல் பாக்கை மென்றுகொண்டிருந்தான். கெட்டிக்காரன்.

என் புருஷன் இரேனு ஒரு விடியலில் தூண்டிலோடு போனவர், திரும்பவில்லை. ஒன்பது மழைக்காலம் போய்விட்டது. மலைக்காரர்கள்தான் என்று ஊர் சொன்னது, நானும் நம்பினேன். மலையில் இடி விழும்போதெல்லாம் நன்றாக விழட்டும் என்று வாய்விட்டுச் சொன்னவள் நான். புருஷனைப் புதைத்த பிறகுதான் பெண்டாட்டி முடி வெட்டலாம் என்பது எங்கள் முறை. எனக்குப் புதைக்க ஆள் கிடைக்கவில்லை. முடி இடுப்பையும் தாண்டி, நனைந்த வலை மாதிரி கனத்துத் தொங்கியது.

இரேனுவின் சித்தப்பா மகன் தோமகு. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கேட்காமலே வந்து என் கூரையை வேய்ந்து கொடுப்பான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றால் வயிறு சரியில்லை என்பான். ஒன்பது வருஷமாக ஒருத்தனுக்கு வயிறு சரியில்லை என்றால் எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. என் கண் முழுக்க மலைமேல்தான் இருந்தது.

கனவு சொல்லும் நாட்களில் கடல் மூச்சு விடாமல் கிடந்தது. பனி இறங்கி எதிர்ப்பாயில் இருந்தவர்கள் பாதி தெரிந்தார்கள், பாதி தெரியவில்லை. குரல்கள் மட்டும் தாழ்வாக வந்தன. உங்க அக்கா அருவிக்குக் கீழே படுத்திருக்கா. உங்க பையன் மூங்கில் புதரில் இருக்கான், சட்டை நீலம். பதிலுக்கு இங்கிருந்து கனவுகள் போயின. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செத்தவர்கள் மணலில் நடந்து போய் வருவது போலவே எனக்கு இருந்தது. அவர்களில் இரேனு இல்லை. ஒவ்வொரு மலைக்காரன் முகத்தையும் பார்த்தேன், இவன் சொல்லுவானா, இவனா என்று.

கடைசி நாள் உச்சிப்பொழுதில் மலைப்பெரியவர் ஹவோரு என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"எங்க பக்கம் கனவு தீந்துபோச்சும்மா."

"இன்னொரு தடவ தூங்கிப் பாருங்க," என்றேன். இரண்டு பாயிலும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் எங்கள் பாயிலிருந்து தோமகு எழுந்தான். ஒதுங்கப் போகிறான் என்றே எல்லோரும் நினைத்தோம். அவன் நடுமணலைத் தாண்டிப் போய் எதிர்ப்பாயில் உட்கார்ந்தான். மலைக்காரர்களுக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது. நகர்ந்து இடம் விட்டார்கள்.

"அண்ணி, நான் ஒரு கனவு கண்டேன்," என்றான். "ஆத்துமுகத்துல ரெட்டைச் சீமைப்பலா இருக்குல்ல, அதுக்கு நடுவுல அண்ணன் படுத்திருக்காரு. தூண்டிலும் கூடவே இருக்கு. மலைக்கு உப்பு கடத்துறாருன்னு யாரோ சொன்னாங்களாம். ஒரு வார்த்த கேக்காம முடிச்சிட்டாங்க. அப்புறம் அவரு தோள்பையத் தொறந்து பாத்தா, மீன் மட்டுந்தான் இருந்துச்சு."

எங்கள் பக்கம் கொதித்துப் போயிற்று. சொந்தப் பாயை விட்டுப் போனவன் சொன்னது செல்லாது என்று எங்கள் பெரியவர்கள் கத்தினார்கள். எங்கள் ஆளை எங்கள் ஆளே கொன்ற வெட்கம் அவர்களுக்கு. ஹவோரு அசையவில்லை. "எங்க பாயில உக்காந்துட்டான், இனி எங்க ஆளுதான்," என்றார்.

என் தம்பியின் கை வெட்டுக்கத்திக்குப் போயிருந்தது. நான் எழுந்து நடந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் தோமகு இருக்கமாட்டான். எழுந்துவிடத்தான் தோன்றியது. ஒன்பது வருஷம் மலையைத் திட்டிய வாய் எனக்கே கசந்தது.

"எனக்குக் கனவு இல்ல," என்றேன். "தூக்கம் வந்தாத்தானே கனவு வரும். மொதல்ல அவரக் காட்டு. பக்கத்துல படுத்துப் பாக்கறேன்."

காட்டினான். மண்ணை விலக்கியபோது சீமைப்பலா வேர்கள் அவரைக் கட்டிப் பிடித்திருந்தன. தூண்டில் முள்ளைப் பார்த்ததும் தெரிந்தது, அது நான் உரசித் தீட்டிக் கொடுத்தது. எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு அங்கேயே பாயைப் போட்டேன். சாயங்கால வெயில் இலைகளுக்குள் பச்சையாக இறங்கியது, ஆறு எங்கோ போய்க்கொண்டே இருந்தது. எப்போது கண் மூடினேன் என்று தெரியாது. கனவு வந்ததா, வரவில்லையா என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். எங்கள் முறை அது.

விடிந்து திரும்பியபோது யாரும் பாய் சுருட்டவில்லை. தோமகு எதிர்ப்பாயில் அப்படியே இருந்தான். எதிரே உட்கார்ந்தேன்.

"அவரு வந்தாரு. முடி ரொம்ப வளந்துட்டுதேன்னாரு. வீடு ஒழுகுதான்னு கேட்டாரு. இல்லன்னேன். யாரு வேயறதுன்னு கேட்டாரு."

தோமகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இன்னும் பதில் சொல்லல," என்றேன். "மேற்குப் பக்கம் ஓல நைஞ்சு கெடக்கு. மழைக்கு முன்னால வா. இந்தத் தடவ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

என் தம்பி கத்தியை மணலில் போட்டான். வயிறு சரியில்லை என்று தோமகு சொல்லவில்லை.