பிப்ரவரியில் நின்ற ஒன்பது லாரிகள்

அந்த வருடம் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி காலையில் எல்லையிலுள்ள கரா-பெல் மலைக்கணவாயை அடைந்த ஒன்பது லாரிகள் மார்ச் மாதத்துக்குள் நுழையவில்லை. சீனாவிலிருந்து குழந்தைகளின் பூட்ஸும் தையல் இயந்திரங்களும் டயர்களும் ஏற்றி வந்தவை அவை. சுங்கச்சாவடியின் இறக்குமதிப் படிவத்தில் பிப்ரவரிக்கு இருபத்தெட்டுக் கட்டங்கள்தான் இருந்தன. அது லீப் வருடம் என்பது அச்சகத்தாருக்கு நினைவில்லை. கட்டம் இல்லாததால் சுங்க அதிகாரிகள் லாரிகளை எழுதவில்லை. எந்த மாதத்திலும் சேராத லாரிகள் அங்கேயே நின்றன. ஏப்ரலில் சுற்றிலும் புல் முளைத்தது, மே மாதம் ஆட்டிடையர்கள் கூடாரம் போட்டார்கள். லாரிகளின் மேல் மட்டும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் இறங்கி நடந்தால், இருபதாவது அடியில் மறுபடி தங்கள் லாரிக் கதவருகே நின்றார்கள்.

மூன்றாவது லாரியை ஓட்டிய தெமிர்குலின் மனைவி புருல்சா, நகரத்தில் மாதாந்திர இறக்குமதிப் புள்ளிவிவரம் தொகுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மே மாதம் ஆட்டிறைச்சி கட்டிக்கொண்டு மேலே போனாள். வெளியிலிருந்து போகிறவர்கள் பனிக்குள் போகலாம், வரலாம், தடை ஒன்றுமில்லை.

"போன வாரம்தானே கிளம்புனேன். வயிறு எப்படி இவ்வளவு பெருசாச்சு?" என்றான் அவன்.

"மே மாசம் வந்துருச்சு."

"கிண்டலா? தொப்பியில பனியப் பாரு!"

"ஜூன் கடைசியில குழந்தை. அதுக்குள்ள நீ கீழே வரணும்."

அவன் சிரித்துவிட்டு அவள் வயிற்றைத் தொட்டான். சிரிப்பு நின்றுவிட்டது.

தப்பு எங்கே என்று புருல்சாவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஜனவரியைவிட பிப்ரவரியில் இறக்குமதி நான்கு சதவீதம் குறைந்தது, நாடு சொந்தக் காலில் நிற்கிறது என்று அமைச்சர் தொலைக்காட்சியில் பேசி முடித்திருந்தார். ஒன்பது லாரிகளையும் சேர்த்தால் அது ஒரு சதவீத உயர்வாகிவிடும். ஜூன் முப்பது மாலை ஐந்து மணிக்கு அரையாண்டுப் புத்தகம் முத்திரையிடப்படும். அதன்பின் எந்த எண்ணையும் யாரும் திருத்த முடியாது. அந்த ஜூன் முப்பது மதியம் இடுப்பு வலியோடு இயக்குநர் ஓமுர்சாக்கின் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையால் கோடு போட்டு, இருபத்தொன்பதாவது கட்டம் சேர்த்து ஒன்பது லாரிகளையும் அதில் எழுதிய படிவத்தை மேசையில் வைத்தாள்.

"வண்டிதானேம்மா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் அவர்.

"வண்டிக்குள்ள ஆளுங்க இருக்காங்க, பைகே." அண்ணன் முறைக்கு அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"ஓட்டுநருக்கு நம்ம படிவத்துல கட்டமே இல்லையே."

அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு வலி அதிகமாயிற்று. நான்கு மணிக்கு அவர் தண்ணீர் கொடுத்தார், அவள் வாங்கவில்லை. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் முத்திரையோடு பியூன் வந்து வாசலில் நின்றான். நாற்காலியின் கீழே தரை நனைந்திருந்தது.

"எழுந்திரும்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!"

"கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா உங்க மேசை மேலயே பெத்துப் போடுவேன்."

"அமைச்சர் என் தோலை உரிச்சிருவாரு."

"உரிக்கட்டும். போடுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். கணவாயில் ஒன்பது இன்ஜின்களும் ஒரே நேரத்தில் உறுமியதை இடையர்கள் கேட்டார்கள்.

மறுநாள் தெமிர்குல் பிரசவ வார்டுக்குள் வந்தபோது தோளிலிருந்து பனி உருகிச் சொட்டியது. தரையை யார் துடைப்பது என்று நர்ஸ் கத்தினாள். அவன் மகளை வாங்கித் தன் கம்பளிக் கோட்டுக்குள் பொதிந்து, "வெளியே ரொம்பக் குளிரு, கண்ணு" என்றான். ஜன்னலில் ஜூலை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வார்டில் ஒருவரும் அவனைத் திருத்தவில்லை.